சமாதானம் கேட்கும் ஞாயிறு

வெய்ன் கவுண்டி, ஒஹாயோ
10 நவம்பர் 2013

அன்புள்ள வெல்மா அக்காவுக்கு,

லோயிஸ் எழுதுவது. நீயும் எல்வுட் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் தொடங்கியதும் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நானும் சுகம் என்று எழுதிவிட்டு அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். புதுத் தாள் எடுக்க மனமில்லை. பொய்யும் எழுத மனமில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. உன் தொலைபேசி சமையலறையில் இருக்கிறது. உன் சமையலறையில் எந்நேரமும் ஒரு பிஷப் இருக்கிறார், அத்தானைத்தான் சொல்கிறேன்.

மார்ச் மாதத்திலிருந்து எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நூடுல்ஸ் ஆலையில் வெள்ளை அங்கி என்பதால் உள்ளே இரண்டு பாவாடை போட்டுக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "சின்ன நார்க்கட்டிங்கதான் லோயிஸ். மருந்து வச்ச லூப் ஒண்ணு உள்ள வச்சா கொஞ்ச மாசத்துல அடங்கிடும். பத்து நிமிஷ வேலை" என்றாள். சரி என்றேன். இன்சூரன்ஸிலிருந்து மறுப்பு வந்துவிட்டது. லூப் கருவைக் கொல்லும் பொருள் என்பது ஆலை உரிமையாளரின் நம்பிக்கையாம். அதனால் எங்கள் காப்பீட்டில் அதற்கு இடம் இல்லையாம்.

உரிமையாளர் யார்? நம் மெர்ல் லீக்டி. பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் பின்னலை மையில் தோய்த்தவன்.

பாக்கெட் போடும் பிரிவில் என் பக்கத்தில் நிற்கும் டார்லா நம் மென்னோனைட் சபைக்காரி இல்லை. மூன்று பிள்ளைக்காரி, நான்காவது வேண்டாம் என்று அவளும் இதையே கேட்டு மறுப்பு வாங்கியவள். "தினம் லாரி லாரியா முட்டை உடைச்சு நூடுல்ஸ் பண்ற மனுசனுக்கு என் ஒத்த முட்டை மேல என்னடி இவ்ளோ பாசம்?" என்று கேட்டாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

ஒன்று தெரியுமா? கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் முழுச் செலவையும் தருவார்களாம். அதற்கு அவர்கள் நம்பிக்கையில் தடை இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். இதை அவரிடம் காட்ட வேண்டாம்.

உன் தங்கை,
லோயிஸ்


எல்க்ஹார்ட் கவுண்டி, இண்டியானா
1 டிசம்பர் 2013

அன்புத் தங்கை லோயிஸுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடு இருப்பதாக. நாங்கள் சுகம். அத்தானுக்கு உங்கள் சபையையும் சேர்த்து ஆறு சபைகளுக்கும் ஓடி ஓடி இருமல் பிடித்திருக்கிறது. என் முழங்கால் எப்போதும் போலத்தான்.

உன் கடிதம் படித்து வருத்தப்பட்டேன். ஈரல் வாங்கி வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடு. காப்பியைக் குறை. வெல்லப்பாகு நல்லது.

மெர்ல் கெட்டவன் அல்ல. பெற்றோர் கைவிட்ட எத்தனை குழந்தைகளை அவனும் மனைவி மேரி ரூத்தும் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள், யோசித்துப் பார். அவன் மனசாட்சிக்கும் ஒரு பாரம் இருக்கும்.

ஆபரேஷன் செய்துகொண்டால் என்ன? உனக்கு நாற்பத்தாறு ஆகிறது. கல்யாணமும் இல்லை. இனி உனக்கு அது எதற்கு?

இந்த வருடம் பீட்ரூட் ஊறுகாய் அதிகம் போட்டேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
வெல்மா


5 ஜனவரி 2014

அன்புள்ள அக்கா,

புதுவருட வாழ்த்து. அத்தானின் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். ஈரல் சாப்பிடுகிறேன். பிடிக்கவில்லை.

'உனக்கு அது எதற்கு' என்ற வரியைப் பல தடவை படித்தேன். என் பித்தப்பை எதற்கு, என் இடது காது எதற்கு என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அது என் உடம்பில் என்னோடு பிறந்தது, அக்கா. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வெட்டினால் ஆறு வாரம் படுக்கை, எனக்குச் சமைத்துப் போட ஆள் இல்லை என்பதெல்லாம் அப்புறம்.

கிறிஸ்துமஸுக்கு முன் மெர்ல் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். மேசையில் பெரிய பைபிள், பக்கத்தில் புது நூடுல்ஸ் பாக்கெட்டின் மாதிரிகள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"லோயிஸ், உன் கேஸ் வேறன்னு கேள்விப்பட்டேன். உனக்கு அது... அந்தக் காரணத்துக்காக இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"எந்தக் காரணம், மெர்ல்?"

அவன் காது சிவந்துபோயிற்று. "சபையோட உதவி நிதியிலேருந்து குடுக்கலாம். டீக்கன் வில்லிஸும் இன்னும் ரெண்டு பேரும் உக்காந்து கேப்பாங்க. நீ நிலைமையைச் சொன்னாப் போதும். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம்."

"மூணு ஆம்பளைங்க முன்னாடி உக்காந்து என் கர்ப்பப்பையோட நிலைமையைச் சொல்லணும். அதானே?"

"நீ எல்லாத்தையும் கோணலா எடுத்துக்கற."

"டார்லாவுக்கும் குடுப்பாங்களா?"

"அவ வேற. அவளுக்கு அது நிஜமாவே..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

வேண்டாம் என்று சொல்லி எழுந்து வந்தேன். அந்த ஆலையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். காப்பீடு என் சம்பளத்தில் சேர்ந்தது. பிச்சை என்று வாங்கிக்கொண்டால் அது சம்பளம் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

இன்னொன்று. முதலாளிகள் காப்பீட்டில் கருத்தடைச் செலவையும் தர வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து மெர்ல் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறான். வழக்கு முடியும்வரை அவன் தர வேண்டியதில்லையாம். மென்னோனைட் வழக்குப் போடுகிறான், அக்கா! பக்கத்து நிலத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டபோது, நாம் கோர்ட் படி ஏறுகிறவர்கள் இல்லை என்று நம் தாத்தா அந்த நிலத்தையே விட்டுக்கொடுத்தார். மெர்லை எந்த பிஷப்பும் கண்டிக்கவில்லையா? உன் வீட்டில் இருப்பவருக்குத் தெரியுமா?

அன்புடன்,
லோயிஸ்


2 பிப்ரவரி 2014

அன்புத் தங்கைக்கு,

ஸ்தோத்திரம். இங்கே பனி ஜன்னல் உயரம் வரை. அத்தான் தேவலாம்.

நீ அந்த உதவியை வாங்கிக்கொள், லோயிஸ். தாழ்மைக்கு வெட்கம் கிடையாது. நாம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதற்குத்தானே சபை? நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். தட்டில் வைத்ததைச் சாப்பிடாமல் சமையலறைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாய்.

மெர்லுக்கும் இது சுலபம் இல்லை. எங்கள் மேசையில் உட்கார்ந்தபோது நான் அவனைப் பார்த்தேனே. காப்பியைச் சாசரில் சிந்திவிட்டான்.

பெரியவனுக்கு அடுத்த பிள்ளை ஜூனில். உனக்குச் சொல்லச் சொன்னான்.

வெல்மா


16 பிப்ரவரி 2014

அக்கா,

சுகம் கேட்டு எழுத இன்று பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை உலர்த்தும் அறையில் மயங்கி விழுந்தேன். தட்டு அடுக்கின் மேல் சாய்ந்து, ஒரு நாள் நூடுல்ஸ் முழுவதும் தரையில். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு மெர்லின் காப்பீடு மறுபேச்சில்லாமல் பணம் கட்டியது. என் ரத்தம் கீழே போவதை நிறுத்தத் தர மாட்டார்கள். போன பிறகு மேலிருந்து ஊற்றத் தருவார்கள்.

டார்லா பார்க்க வந்தாள். "நீ சாமிக்காகச் செத்தா சரி, நூடுல்ஸ்காரனுக்காக ஏன் சாகற?" என்று திட்டிவிட்டுக் கேக் கொடுத்துப் போனாள்.

மெர்ல் எப்போது உங்கள் மேசையில் உட்கார்ந்தான்? எதற்காக வந்தான்?

லோயிஸ்


20 மார்ச் 2014

அன்புத் தங்கைக்கு,

நீ தேறி வருகிறாய் என்று வில்லிஸ் டீக்கனின் மனைவி மூலம் அறிந்தேன். கர்த்தருக்கு நன்றி. இங்கே மேப்பிள் சாறு இறங்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை நல்ல நிறம். பேரீச்சம்பழப் புட்டிங் செய்முறை கேட்டிருந்தாய் என்று ஞாபகம், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மாவைச் சலித்துப் போடு. அத்தான் ஏப்ரல் முதல் ஞாயிறு உங்கள் சபைக்கு வருகிறார். நான் வரவில்லை. முழங்கால்.

வெல்மா


8 ஏப்ரல் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு ஆறுதல் கிடைக்கட்டும். புட்டிங் செய்முறை நான் கேட்கவில்லை. ஆனாலும் செய்தேன், நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அத்தான் சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருந்திருப்பார். நானே சொல்கிறேன்.

சமாதானம் கேட்கும் ஞாயிறு. அத்தானின் பிரசங்கம் நீளம். தாழ்மை பற்றி. பிறகு வழக்கம்போல் ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் வில்லிஸ் டீக்கன், திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் சமாதானம் உண்டா என்று கேட்டபடி பெஞ்சு பெஞ்சாக வந்தார்கள். நீயும் நானும் பதினான்கு வயதிலிருந்து சொல்லிவரும் அதே வாக்கியம்: தேவனோடும் சபையோடும் எனக்குச் சமாதானம் உண்டு, திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறேன். என்னிடம் வந்தபோது, "எனக்குச் சமாதானம் இல்லை" என்றேன்.

வில்லிஸ் தலையாட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

முப்பது வருடமாக ஒரே வாக்கியம் கேட்ட காது, அக்கா. என்ன சொன்னாலும் அதற்கு அதுதான் கேட்கும். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லியாகிவிட்டது, கர்த்தர் கேட்டிருப்பார் என்று. பிறகு அவர் கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"வில்லிஸ், நான் இல்லைன்னு சொன்னேன்."

"என்னது?"

"சமாதானம் இல்லைன்னு சொன்னேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்!" குரல் கூரை வரைக்கும் போயிற்று. ஆண்கள் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. மெர்லின் தலை மட்டும் திரும்பவில்லை.

அத்தான் இறங்கி வந்தார். "சகோதரி லோயிஸ், யாரோட மனத்தாங்கல்?" என்று மெதுவாகக் கேட்டார். "மெர்ல் லீக்டியோட. அவன் நம்பிக்கைக்கு என் உடம்புல வாடகை வசூல் பண்றான். நம்ம வழக்கத்தை விட்டு கோர்ட்டுக்கும் போயிட்டான். அவனைக் கண்டிக்காத எல்லார் மேலயும் எனக்கு மனத்தாங்கல்தான்" என்றேன்.

எங்கேயோ ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டது. பிறகு அத்தான், "சமாதானம் இல்லாத இடத்துல அப்பம் பிட்க முடியாது. இந்த வசந்தத்துல இங்க திருவிருந்து இல்ல. வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுங்க" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் மேல் எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது.

வாசலில் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. மேரி ரூத் மட்டும் கடந்துபோகும்போது என் முழங்கையைத் தொட்டாள். தெரியாமல் பட்டதாகவும் இருக்கலாம்.

லோயிஸ்


11 மே 2014

அன்புத் தங்கை லோயிஸுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நிற்கும்போது தலை சுற்றுகிறதா? உண்மையை எழுது.

அத்தான் எதுவும் சொல்லவில்லை. அன்று வந்ததும் தொழுவத்துக்குப் போய்விட்டார். தொழுவத்தில் இப்போது மாடு கிடையாது.

நீ கேட்டதற்குப் பதில். மெர்ல் போன செப்டம்பரில் வந்தான். வழக்குப் போடலாமா, சபை தடுக்குமா என்று கேட்கத்தான் வந்தான். அத்தான் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "உன் மனசாட்சி அப்படின்னா நாங்க குறுக்க நிக்க மாட்டோம்" என்றார். நான் காப்பி ஊற்றினேன். ஆப்பிள் பை வெட்டி வைத்தேன். அதில் மெர்ல் இரண்டு துண்டு சாப்பிட்டான். இது பெண்களைப் பற்றிய பேச்சு என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். ஈரல் பற்றி எழுதினேன்.

வெல்மா


20 ஜூலை 2014

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு நன்றி. பேரன் பிறந்ததைக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். உன் மேல் கோபமா என்று நேராகக் கேட்டால், ஆம். கொஞ்ச நாளில் போய்விடும். நீ காத்திரு.

வாஷிங்டனில் பெரிய கோர்ட் வேறு முதலாளிகளின் வழக்கில் சொன்ன தீர்ப்பு மெர்லுக்கும் சாதகம் என்று ஆலையில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. சாப்பிட்டேன். கேக் என்ன செய்யும்? டார்லா தன் துண்டை மெர்லின் அலுவலகக் கதவுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுவாரம் டார்லா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, வருமானம் குறைந்தவர்களுக்கென்று கேண்டன் பக்கம் இருக்கும் பெண்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனாள். தானும் போட்டுக்கொள்ளப் போகிறாள், துணைக்கு ஆள் வேண்டுமாம். வாசலில் கருக்கலைப்பு கூடாது என்ற பதாகை பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். என் நீளப் பாவாடையையும் முக்காட்டுத் தொப்பியையும் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சகோதரி, வாங்க! எந்தச் சபை? நிழல்ல நில்லுங்க" என்று ஒரு பெரியவர் தன் பதாகையை என் கையில் கொடுத்தார். நானும் மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன்.

"நான் நிக்க வரலைங்க. உள்ள போக வந்தேன்" என்று திருப்பிக் கொடுத்தேன். அவருக்குப் புரியவே இல்லை. "உள்ள இருக்கிற பொண்ணுங்ககிட்ட பேசவா? ரொம்ப தைரியம் உங்களுக்கு!" என்று கதவைத் திறந்து பிடித்தார். டார்லா உள்ளே போய் நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது வயதுப் பெண்களுக்கு நடுவே முக்காட்டோடு நான். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வைத்தாயிற்று. வலித்தது. தாங்க முடிந்தது. என் வரும்படியைக் கேட்டார்கள், கட்டணம் வாங்கினார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சோளம் உரிக்கும் வேலை. உன் கை இருந்தால் நன்றாக இருக்கும்.

லோயிஸ்


21 செப்டம்பர் 2014

அன்புள்ள அக்கா,

நலம். இந்தத் தடவை அடிக்காமல் எழுதுகிறேன். ரத்தம் பெரும்பாலும் நின்றுவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

வில்லிஸும் இரண்டு பேரும் வந்தார்கள். என் வீட்டு வரவேற்பறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் எங்கே போனேன் என்பது எப்படியோ தெரிந்திருக்கிறது.

"இப்ப உன் கஷ்டம் தீந்துடுச்சில்ல, லோயிஸ்? அப்ப மனத்தாங்கலும் தீந்த மாதிரிதானே?" என்றார் வில்லிஸ்.

"ரத்தம் நின்னுடுச்சு, வில்லிஸ். சமாதானம் வரல" என்றேன்.

அக்டோபர் 12-ம் தேதி சமாதானம் கேட்கும்போது நான் மன்னிப்புக் கேட்டு 'உண்டு' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னை விலக்கி வைத்துவிட்டு மற்றவர்களுக்குத் திருவிருந்து நடக்கும். என் ஒருத்திக்காக இரண்டாம் தடவையும் நிறுத்த முடியாதாம். அத்தானும் சம்மதித்துவிட்டார் என்றார்கள்.

நான் சொல்லப் போவதில்லை. முப்பத்திரண்டு வருடமாக உட்கார்ந்த பெஞ்சு. அந்த அப்பத்தின் ருசி எனக்குப் பிடிக்கும், அக்கா. இருந்தாலும் சொல்லப் போவதில்லை.

அத்தானோடு சண்டை போடாதே. உன்னிடம் எதுவும் கேட்டு எழுதவில்லை.

லோயிஸ்


6 அக்டோபர் 2014

அன்புத் தங்கை லோயிஸுக்கு,

உன் சுகத்துக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் முழங்காலைக் கேட்காதே, அது ஒரு சாக்கு.

நேற்று எங்கள் சபையில் சமாதானம் கேட்கும் ஞாயிறு. பெண்கள் பக்கம் வந்தது சின்னப் போதகர் லமார். பிஷப்பின் மனைவி என்று முதலில் என்னிடம்தான் வந்தான். எனக்குச் சமாதானம் இல்லை என்றேன்.

அவன் குனிந்து, "வெல்மா அம்மா, உடம்புக்கு முடியலையா? தண்ணி வேணுமா?" என்று கேட்டான். பாவம், நல்ல பையன்.

"தண்ணி வேண்டாம் லமார். நீ சரியாத்தான் கேட்ட. போய் அவர்கிட்ட சொல்லு" என்றேன்.

அவன் நடந்து போய்ச் சொன்னான். அத்தான் என்னைப் பார்த்தார். நாற்பத்தோரு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. தன் வீட்டில் சமாதானம் இல்லாத பிஷப் அப்பம் பிட்கக் கூடாது என்பது நம் ஒழுங்கு. ஒரு சபையில் மட்டும் இல்லை, ஆறிலும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

வீட்டில் தொப்பியைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே, வெல்மா?" என்றார்.

"இந்த மேசைல அன்னிக்கு மூணு பேர் உக்காந்திருந்தோம். நீங்க ரெண்டு பேர்தான் பேசினீங்க."

"நீ வாயே திறக்கலையே."

"இப்ப திறந்திருக்கேன்."

"உன் தங்கச்சி சொல்லிக் குடுத்தாளா?"

"அவ உங்களோட சண்டை போடாதேன்னுதான் எழுதினா. அவ பேச்சை நான் எப்ப கேட்டிருக்கேன்?"

அதற்கு அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரவுச் சாப்பாட்டை இரண்டு பேரும் சாப்பிட்டோம். இன்று காலையிலிருந்து மெர்லோடு தொலைபேசியில் இருக்கிறார். வழக்கைத் திரும்ப எடு என்கிறாரா, பொறு என்கிறாரா தெரியவில்லை. வழக்கமாக நான் பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்பேன். இன்று முன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். அவர் எதை முடிவு செய்தாலும் என்னிடம் வந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகு உன்னிடம் வர வேண்டும்.

12-ம் தேதி உங்கள் சபைக்கு அவர் வர முடியாது. நான் வருகிறேன். கவுண்டி எல்லையைத் தாண்டி இதுவரை நான் கார் ஓட்டியதில்லை. சனிக்கிழமை விடியும்போது கிளம்பினால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பீட்ரூட் ஊறுகாய் கொண்டுவருகிறேன். ஈரல் சமைத்து வைக்காதே, எனக்கும் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை உன் பெஞ்சில் எனக்கு இடம் வை. வேறு சபைக்காரி என்று வில்லிஸ் என்னைக் கேட்காமல் தாண்டிப் போகப் பார்ப்பார். அவர் கோட்டின் எந்த ஓரம் பிடிப்பதற்கு வசதி என்று மட்டும் சொல்.

உன் அக்கா,
வெல்மா